காசித்தும்பைக்கு ஒருசந்தி

என்னை ராயபுரத்தில் இன்றைக்கும் சில பேர் ‘ஒருசந்தி டீச்சர்’ என்றுதான் சொல்வார்கள். புதிதாகக் கேட்கிறவர்கள், ஈஸ்டருக்கு முந்தின தபசுகாலம் நாற்பது நாளும் ஒரு வேளை மட்டும் சாப்பிட்டுவிட்டு ஜெபமாலை உருட்டுகிற புண்ணியவதி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே மரியாதை தருகிறார்கள். நானும் மறுப்பதில்லை. (வீடு தேடி வருகிற மரியாதையைத் திருப்பி அனுப்ப எனக்கென்ன பைத்தியமா?) ஆனால் உண்மை வேறு. அந்த ஒருசந்தி நான் இருந்ததல்ல. ஒரு காசித்தும்பைச் செடியை நான் இருக்கவைத்தது. அந்தச் செடியும் நான் நினைத்தபடி இருந்து தொலைக்கவில்லை.

அப்போது எனக்கு இருபது வயது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். பயிற்சிப் பள்ளியிலிருந்து சுடச்சுட வெளியே வந்து, மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு டீச்சராகச் சேர்ந்திருந்தேன். சேர்ந்திருந்தேன் என்றால் ஆக்டிங். ஒரு வருஷம் பார்த்து, இன்ஸ்பெக்டரம்மா வந்து பாடம் கேட்டு, சரி என்று எழுதினால்தான் வேலை நிரந்தரம். அந்த ஒரு வருஷத்தில் எனக்கு வந்திருந்த தலைக்கனத்தைச் சொன்னால் வெட்கக்கேடு. தெருவில் நடக்கும்போது எதிரில் வருகிறவர்கள் தாமாகவே ஒதுங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பேன். மாட்டிடமும் எதிர்பார்த்தேன். மாடு ஒதுங்கவில்லை.

வேலை நிரந்தரமாக வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதன் பெயர் சூசை. என் அப்பா ரயில்வே குட்ஸ் ஷெட்டில் வேலை பார்த்தார். சூசை அவருடைய அக்கா மகன், எண்ணூர் உப்பளத்தில் மேஸ்திரி. நல்ல மனுஷன்தான், குடி கிடையாது, சீட்டு கிடையாது. ஆனால் வாயைத் திறந்தால் உப்பு. மழை வந்தால் உப்புக்கு என்ன ஆகும், காற்று திரும்பினால் உப்புக்கு என்ன ஆகும், இந்த வருஷம் உப்பு, போன வருஷம் உப்பு. எங்கள் வீட்டில் காப்பி குடிக்கும்போதுகூட உப்பைப் பற்றித்தான் பேசுவார். “ஈஸ்டருக்குள்ள வேல கெட்டியாச்சுன்னா உன் இஷ்டம். இல்லேன்னா சூசைக்கும் உனக்கும் கோயில்ல கல்யாண ஓலை வாசிச்சிட வேண்டியதுதான்” என்று அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். ஆயுள் முழுக்க உப்பா?

இன்ஸ்பெக்டரம்மா தபசுகாலத்தில் ஒரு புதன்கிழமை மத்தியானம் வருவதாகத் தகவல் வந்தது. ஐந்தாம் வகுப்பில் இயற்கைப் பாடம் கேட்பாராம். எங்கள் பள்ளிக்கூடத்துத் தலைமைக் கன்னியாஸ்திரி, மதர், என்னைக் கூப்பிட்டு, “ஏதாவது எளிதாகச் செய்” என்றார். எளிதாகச் செய்வதற்கா நான் பயிற்சிப் பள்ளியில் இரண்டு வருஷம் விடுதிச் சோறு தின்றேன்? உயிருள்ளவை எல்லாவற்றுக்கும் பலம் எங்கிருந்து வருகிறது என்பதையே பாடமாக எடுத்து, பரிசோதனை செய்து காட்டிவிடுவது என்று தீர்மானித்தேன். இலை வெயிலில் உணவு தயாரிப்பதற்கு இப்போது ஒளிச்சேர்க்கை என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். அப்போது அது பெயர் வைக்காத பிள்ளை. ‘செடி சமைக்கிறது’ என்றுதான் நான் சொல்லிக்கொடுத்தேன்.

பரிசோதனை இதுதான். இரண்டு தொட்டிகளில் இரண்டு காசித்தும்பைச் செடிகள். ஒன்று வெயிலில் இருக்கும். மற்றதை இரண்டு நாள் இருட்டில் பூட்டி வைக்க வேண்டும். வெயிலில் இருக்கிற இலை மாவு தயாரித்து வைத்திருக்கும், இருட்டில் இருப்பது கையிருப்பையும் தீர்த்துவிட்டு வெறுமனே இருக்கும். பிறகு ஒவ்வொன்றிலும் ஓர் இலையைப் பறித்து, வெந்நீரில் போட்டு, ஸ்பிரிட்டில் பச்சை போக வெளுக்கவைத்து, அயோடின் சொட்டு விட்டால், மாவு இருக்கிற இலை கறுநீலமாகும். மாவு இல்லாதது பழுப்பாகவே நிற்கும். இன்ஸ்பெக்டரம்மா பிரமித்துப்போய்ப் பேனாவை எடுப்பார். சூசை எண்ணூரிலேயே இருப்பார்.

திங்கட்கிழமை காலையில் பாடத்தை ஆரம்பித்தேன். என் வகுப்பில் பாதிப் பேர் துறைமுகத்தில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள். மானிட்டர் பிலோமினா கப்பலிலிருந்து கரிக்கூடை இறக்குகிறவரின் மகள். பத்து வயசு, எலும்பும் தோலுமாக இருப்பாள், சந்தேகம் மட்டும் அவளைவிடப் பெரிதாகக் கேட்பாள்.

“இலை காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளும். வேர் தண்ணீரை அனுப்பும். வெயில் அடிக்கும்போது இலை இரண்டையும் சேர்த்து உணவு தயாரிக்கும். அந்த உணவைத்தான் நாம் அரிசியாக, பயறாகச் சாப்பிடுகிறோம். நாம் இழுக்கிற மூச்சில் உள்ள பிராண வாயு, சாப்பிட்டதை உடம்புக்குள்ளே மெல்ல மெல்ல எரிக்கிறது. எஞ்சினில் கரி எரிகிற மாதிரி. அதில்தான் நமக்குப் பலம் வருகிறது. மூச்சு விடும்போது கரியமில வாயு வெளியே போகிறது” என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

பிலோமினா எழுந்தாள். “எங்க நைனா இருமுனா நெஜமாலுமே கரியா வருது டீச்சர். அதுவும் இதானா?”

“அது வேறு கரி. உட்கார்” என்றேன். (இதற்கு நான் வேறு என்னவோ சொல்லியிருக்க வேண்டும் என்று பிறகு பல தடவை தோன்றியிருக்கிறது. அன்றைக்கு எனக்குப் பாடம்தான் பெரிதாக இருந்தது.)

அவள் உட்காரவில்லை. “அப்ப வெயிலு இல்லேன்னா செடிக்குச் சோறே கெடியாதா டீச்சர்?”

“கிடையாது. அதைத்தான் நிரூபிக்கப்போகிறோம்” என்று சொல்லி, ஒரு தொட்டியைத் தூக்கிச் சாக்பீஸ் அலமாரிக்குள் வைத்தேன். அங்கேதான் என் வாய்க்கு அளவு தெரியாமல் போயிற்று. ‘பட்டினி’ என்று ஒரு சாதாரணச் சொல் தமிழில் இருக்கிறது. அதைச் சொல்லியிருந்தால் தீர்ந்தது. ஆனால் தபசுகாலமாயிற்றே, பிள்ளைகள் மனசில் பதிகிற மாதிரி, மதர் காதில் விழுந்தால் மெச்சுகிற மாதிரி சொல்ல வேண்டாமா? “பிள்ளைகளே, இந்தச் செடிக்கு இன்றையிலிருந்து புதன்கிழமை வரைக்கும் ஒருசந்தி” என்று சிரித்துக்கொண்டே கதவைப் பூட்டினேன். பிள்ளைகளும் சிரித்தார்கள். சாக்பீஸ் எடுக்கிற வேலை மானிட்டருடையது என்பதால், சாவியை வழக்கம்போலப் பிலோமினாவிடமே கொடுத்தேன்.

புதன்கிழமை வந்தது. அன்றைக்கென்று வெள்ளைப் புடவை ஒன்றுக்குக் கஞ்சி போட்டு, மொடமொடவென்று தேய்த்து உடுத்தியிருந்தேன். உட்கார்ந்தால் நொறுங்கிவிடும் போல இருந்ததால் காலையிலிருந்து உட்காரவில்லை. மணி இரண்டுக்கு மதரும் இன்ஸ்பெக்டரம்மாவும் வந்தார்கள். இன்ஸ்பெக்டரம்மா மயிலாப்பூர்ப் பக்கத்து அம்மாள், மெல்லிய உடம்பு, தடித்த மூக்குக்கண்ணாடி. கடைசி வரிசைப் பெஞ்சில் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.

முதல் பாதி ஜோராகப் போயிற்று. வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவைத்த தண்ணீரில், பப்பாளி இலைக் காம்பைக் குழாயாக வைத்து ஒரு பிள்ளையை ஊதச் சொன்னேன். தெளிந்த தண்ணீர் பால் போலாயிற்று. “நம் மூச்சில் வெளிவருகிற கரியமில வாயு செய்கிற வேலை இது. உள்ளே ஏதோ எரிந்துகொண்டிருக்கிறது என்பதற்குச் சாட்சி” என்றேன். பரிசோதனை பலித்தால் கை தட்டலாம் என்று நான்தான் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தேன். பிள்ளைகள் தட்டினார்கள். இன்ஸ்பெக்டரம்மா ஏதோ எழுதினார். மதர் என்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அடுத்தது இலை. வெயிலில் இருந்த செடியின் இலையைப் பறித்து, வெந்நீர், ஸ்பிரிட் எல்லாம் முறைப்படி செய்து, வெள்ளைப் பீங்கான் தட்டில் விரித்து அயோடின் விட்டேன். கறுநீலம். கைதட்டல். “இப்போது இரண்டு நாள் வெயிலையே பார்க்காத இலை” என்று அலமாரியைத் திறந்து, ஓர் இலையைப் பறித்து, அதையும் வெளுக்கவைத்து, பக்கத்தில் விரித்தேன். “இதில் மாவு துளியும் இருக்காது. நிறம் மாறவே மாறாது. எல்லோரும் நன்றாகப் பாருங்கள்” என்று முழங்கிவிட்டு அயோடினைச் சொட்டினேன்.

கறுநீலம். இரண்டு இலைக்கும் அக்கா தங்கை சாயல்.

ஒரு குழந்தை மட்டும் கை தட்டிவிட்டு, பக்கத்தில் இருந்தவள் இடித்ததால் நிறுத்தியது. அந்த நேரத்தில் ஒரு புத்திசாலி, “எங்கேயோ தவறு நடந்திருக்கிறது, பார்க்கலாம்” என்று சொல்லியிருப்பாள். எனக்கோ கண்ணுக்கு முன்னால் எண்ணூர் உப்பளம் வெள்ளை வெளேரென்று தெரிந்தது.

“இது... என் புடவையால் வந்தது” என்றேன்.

இன்ஸ்பெக்டரம்மா தலை நிமிர்ந்தார். “புடவையாலயா?”

“புடவைக்குக் கஞ்சி போட்டிருக்கிறேன் அம்மா. கஞ்சி மாவுதானே. இலையை எடுக்கும்போது முந்தானை உரசி, கஞ்சி அதில் ஒட்டியிருக்கும்.”

“அப்படியா?” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்த ‘அப்படியா’வில் நம்பிக்கை மாவுத் தூசி அளவுக்குக்கூட இல்லை. உடனே எனக்கு நிரூபித்துக் காட்டும் வேகம் வந்துவிட்டது. “இதோ பாருங்கள்” என்று முந்தானை நுனியை இழுத்துப் பிடித்துக்கொண்டு, அயோடின் புட்டியை ஒரு சொட்டுக்காகச் சாய்த்தேன். அவசரத்தில் புட்டியே கவிழ்ந்தது. இடுப்பிலிருந்து முழங்கால் வரைக்கும், வெள்ளைப் புடவையில் ஒரு பெரிய கறுநீலப் படலம் கண்ணெதிரே பரவியது. அன்றைய பரிசோதனைகளிலேயே மிகத் தெளிவாகப் பலித்தது அதுதான். பிள்ளைகள் விதியை மறக்கவில்லை. நாற்பது பேரும் சேர்ந்து கை தட்டினார்கள்.

மதர் சிலுவை போட்டுக்கொண்டார். இன்ஸ்பெக்டரம்மா நோட்டுப் புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். அதற்குப் பின்னால் தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது. பிறகு அவர் மெல்ல எழுந்து முன்னால் வந்து, பிள்ளைகளைப் பார்த்து, “அந்த அலமாரிய யாராவது தெறந்தீங்களா?” என்று கேட்டார்.

பிலோமினா எழுந்து நின்றாள். “நான்தாங்க தொறந்தேன்.”

“எதுக்கு?”

“செடிக்குச் சாப்பாடு வைக்கங்க.”

எனக்கு உயிர் வந்தது. ஆஹா, குற்றவாளி அகப்பட்டாள். “கஞ்சி ஊற்றினாயா? அதுதான்! வேர் கஞ்சியைக் குடித்து, அது இலைக்கு ஏறிவிட்டது அம்மா” என்று கூவினேன்.

வகுப்பே என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தது. பிலோமினாவின் முகத்தில் என்மேல் நிஜமான கவலை. “இன்னா டீச்சர், செடி கஞ்சி குடிக்காதுன்னு நீங்கதான சொன்னீங்கோ? அது வெயில்ல தானே சமைச்சித் துன்னும்னு சொன்னீங்கோ. அதான் நான் ஒண்ணுமே ஊத்தல. வெயில்ல வச்சேன்” என்றாள்.

“எப்போ வச்சே?” என்று இன்ஸ்பெக்டரம்மா கேட்டார்.

“தெனம் மத்தியானங்க. மணி அடிச்சி நாங்க சாப்புட குந்துனதும், அத்தயும் வெளிய வைப்பேன். நாங்க துன்னு முடிச்சதும் உள்ள வச்சிப் பூட்டிருவேன். இன்னிக்கும் வச்சேன்.”

“பூட்டி வைக்கணும்னு டீச்சர் சொன்னாங்களே?”

“ஒருசந்தின்னு சொன்னாங்கங்க. ஒருசந்தின்னா மத்தியானம் ஒரு வேளை உண்டுங்களே. எங்கம்மா ஒருசந்தி இருக்காங்க, மத்தியானம் கஞ்சி குடிப்பாங்க. செடிக்கு வெயிலுதான் கஞ்சி. ஒரு வேளை குடுத்தேன்.”

மதருக்கு வாய் லேசாகத் திறந்துவிட்டது. கோயில் சட்டப்படி பிலோமினா சொன்னதில் ஒரு குற்றமும் கண்டுபிடிக்க முடியாது. ஒருசந்தி என்றால் ஒரு வேளைச் சாப்பாடுதான். நானும் பிறந்ததிலிருந்து அதைத்தான் கேட்டு வளர்ந்தவள்.

இன்ஸ்பெக்டரம்மா விடவில்லை. “சரி. டீச்சர் பட்டினின்னு சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பே?”

பிலோமினா யோசித்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, “அப்பவும் வச்சிருப்பேங்க. நாங்கல்லாம் துன்னுகினு கீறோம், அத்த மட்டும் இருட்டுல போட்டுப் பூட்டி வச்சா எப்டிங்க?” என்றாள்.

எனக்கு அப்போது வெட்கமாகத்தான் இருந்தது, புடவைக்காக அல்ல. அவள் தூக்குச்சட்டியில் பல நாள் ஒன்றும் இருக்காது, பக்கத்தில் இருக்கிற பிள்ளைகள் ஆளுக்கொரு கை கொடுப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். பசி எப்படியிருக்கும் என்று அந்த வகுப்பில் பாடம் நடத்தத் தகுதி உள்ளவள் அவள். நானோ ஒரு செடியைப் பட்டினி போடுவதை வேடிக்கையாகச் சொல்லிச் சிரித்தவள்.

“உங்கப்பா என்ன வேலை செய்யறார்?” என்று இன்ஸ்பெக்டரம்மா குரலை இறக்கிக் கேட்டார்.

“ஆர்பர்ல கரிக்கூடை தூக்குறாருங்க.”

“கூடை தூக்கற பலம் அவருக்கு எங்கேர்ந்து வருது?”

“கஞ்சிலேர்ந்துங்க.”

“கஞ்சிக்கு?”

“அரிசிலேர்ந்து. அரிசிக்கு வெயில்லேர்ந்து.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “அப்ப எங்க நைனா வெயிலத்தான் துன்னுட்டு வெயில்லயே வேல செய்றாரு” என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே அது வேடிக்கையாக இருந்தது போலிருக்கிறது, சிரித்துவிட்டாள். இன்ஸ்பெக்டரம்மாவும் சிரித்தார். நானும் சிரித்தேன், அழுகிற மாதிரிதான் வந்தது.

சாயங்காலம் மதர் என்னைக் கூப்பிட்டு அறிக்கையைப் படித்துக் காட்டினார். ‘மாணவிகள் பாடத்தை மிகத் தெளிவாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். ஆசிரியையும் புரிந்துகொள்ள இன்னும் ஓர் ஆண்டு அவகாசம் தரலாம்.’ அதாவது வேலை போகவில்லை, நிரந்தரமும் ஆகவில்லை. மறுபடியும் ஆக்டிங்.

நீலப் புடவையோடு (அதற்கு இனிமேல் வேறு பெயர் சொல்ல முடியாது) வீட்டுக்குப் போனால், அங்கே அப்பாவோடு சூசை உட்கார்ந்திருந்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நடந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தேன். அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சூசை சிரிக்கவில்லை. “ஒரு சந்தேகம்” என்றார். “வெயில்ல வச்சா செடிக்கு மாவு வருது. வெயில்ல வச்சா எங்களுக்கு உப்பு வருது. அப்ப உப்பளமும் ஒரு எலதானா?”

அந்தத் துக்கத்திலும் எனக்குள் இருந்த டீச்சர் எழுந்துவிட்டாள். “அதெப்படி? உப்பு கடல் தண்ணீரில் முன்னாடியே இருக்கிறது. வெயில் தண்ணீரை மட்டும்தான் விரட்டுகிறது. இலை அப்படியல்ல, இல்லாததைப் புதிதாகத் தயாரிக்கிறது. வெயிலின் பலத்தை அதற்குள் பூட்டி வைக்கிறது. உப்பைத் தின்றுவிட்டு மூட்டை தூக்க முடியுமா?”

“முடியாது. தண்ணிக்குத் தவிக்கத்தான் தவிக்கும்” என்று ஒப்புக்கொண்டார். பிறகு அப்பாவிடம், “மாமா, வேல கெட்டியாவறது வரைக்கும் கல்யாணப் பேச்சு இன்னாத்துக்கு? ஒரு வருசந்தான? போவட்டும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு இன்னொரு சந்தேகத்தோடு வந்தார். வெயில் இல்லாத ராத்திரியில் செடி என்ன செய்யும்? நம்மைப் போலவே மூச்சு விடும், பகலில் சமைத்து வைத்ததைச் செலவழிக்கும் என்றேன். பகலில்? பகலிலும் மூச்சு விடும், சமையலும் நடக்கும் என்றேன். அதற்கடுத்த ஞாயிறு இன்னொன்று. இப்படி ஒரு வருஷம். மறுவருஷம் என் வேலை நிரந்தரமானபோது, எண்ணூருக்கு முதலில் ஆள் அனுப்பிச் சொன்னது நான்தான். ஓலை வாசித்தார்கள். எந்த உப்புக்குப் பயந்து ஒரு புட்டி அயோடினைக் கவிழ்த்தேனோ அந்த உப்பில்தான் முப்பது வருஷமாகக் குடித்தனம் நடக்கிறது.

புடவையின் கறை மூன்றாவது சலவையில் போய்விட்டது. பெயர் போகவில்லை. வீட்டிலும் நிம்மதி இல்லை. சாப்பாடு கொஞ்சம் தாமதமானால் போதும், என் வீட்டுக்காரர் நாற்காலியைத் தூக்கி முற்றத்து வெயிலில் போட்டு உட்கார்ந்துகொள்வார். அவரைப் பார்க்க யாராவது வந்தால், “அப்பா சாப்ட்டுகினு கீறாரு, கொஞ்சம் இருங்க” என்று பிள்ளைகள் முகத்தை நேராக வைத்துக்கொண்டு சொல்லும்.

பிலோமினா இப்போது டீச்சர். அதே பள்ளிக்கூடம், அதே ஐந்தாம் வகுப்பு, அதே அலமாரி. போன மாதம் வந்திருந்தாள். காசித்தும்பைப் பரிசோதனையை வருஷா வருஷம் செய்கிறாளாம். “ஜாக்கிரதையடி, என்ன சொல்லிப் பூட்டுகிறாய்?” என்று கேட்டேன்.

“பட்டினின்னு தெளிவாச் சொல்லித்தான் டீச்சர் பூட்டுறேன்.”

“சாவி?”

“அது அலமாரிலயே தொங்கும்.”

“அப்புறம் பரிசோதனை எப்படியடி பலிக்கும்?”

“இத்தினி வருசத்துல ஒரு தபா கூட பலிக்கல டீச்சர்” என்றாள், சந்தோஷமாக.